கர்ப்ப காலத்தில் தீராத வாந்தி, சோர்வு, மலச்சிக்கல்... பாராதைராய்டு பிரச்னையாக இருக்குமா? யாருக்கு கால்சியம் டெஸ்ட் தேவை?

கர்ப்பம் உறுதியானதும் வரிசையாக டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, சிறுநீர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால், ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. எல்லா கர்ப்பிணிக்கும் அது தேவையும் இல்லை.

சிலருக்கு மட்டும் அந்த ஒரு டெஸ்ட் மிக முக்கியம். பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறலாம் அல்லது இறங்கலாம். கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. அரிதான பிரச்னைதான். கண்டுபிடித்துவிட்டால் சிகிச்சையும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதன் அறிகுறிகள் அப்படியே மசக்கை போலவே இருக்கும். "மாசமா இருந்தா இதெல்லாம் சகஜம்தானே" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள், சில நேரம் ஆஸ்பத்திரியிலும் கண்ணில் படாமல் போகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்? ரிப்போர்ட்டில் எதைப் பார்க்க வேண்டும்? சிகிச்சை என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

தைராய்டும் பாராதைராய்டும் ஒன்றா?

இல்லை. பெயரில்தான் ஒற்றுமை. கழுத்தின் முன்பகுதியில் பட்டாம்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு. அதன் பின்புறத்தில் ஒட்டியபடி, அரிசி அளவில் பொதுவாக நான்கு சிறிய சுரப்பிகள் இருக்கும். அவைதான் பாராதைராய்டு சுரப்பிகள்.

இரண்டுக்கும் வேலை வேறு வேறு. பாராதைராய்டு சுரக்கும் ஹார்மோனை பி.டி.எச். என்று சொல்வார்கள். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. அளவு குறைந்தால் எலும்பில் இருக்கும் கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டுவரும். சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டி-யை செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் செய்து, குடல் அதிக கால்சியத்தை உறிஞ்ச வைக்கும்.

எனவே, "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்னு வந்துடுச்சு" என்பதால் பாராதைராய்டும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. டி.எஸ்.எச். டெஸ்ட்டில் பாராதைராய்டு பிரச்னை தெரியவே தெரியாது.

கர்ப்பத்தில் கால்சியம் கணக்கு எப்படி மாறுகிறது?

பிறக்கும்போது ஒரு குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். இதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிறது. இதைச் சமாளிக்க, தாயின் குடல் உணவிலிருந்து வழக்கத்தைவிட சுமார் இரண்டு மடங்கு கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கும்.

இன்னொரு மாற்றமும் நடக்கும். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், அல்புமின் என்ற புரதத்தின் அளவு குறையும். ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தில் கணிசமான பகுதி இந்த அல்புமினோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால், மொத்த கால்சியம் ரிப்போர்ட்டில் சற்றுக் குறைவாகத் தெரியும். உடல் உண்மையில் பயன்படுத்தும் கால்சியத்தை 'அயனைஸ்டு கால்சியம்' என்பார்கள். அது கர்ப்பத்திலும் மாறாது.

இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது இது தேவைப்படும்.

ஹார்மோன் அதிகமாகச் சுரந்தால் என்ன ஆகும்?

நான்கு சுரப்பிகளில் ஏதாவது ஒன்றில் சிறிய கட்டி வரலாம். பெரும்பாலும் அது புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிதான். ஆனால், தேவை இல்லாதபோதும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். இதனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். இதற்கு 'பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசம்' என்று பெயர்.

வரக்கூடிய அறிகுறிகள்:

- குமட்டல், வாந்தி
- மலச்சிக்கல்
- உடல் சோர்வு, மனச்சோர்வு
- அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல்
- எலும்பு வலி, மூட்டு வலி

இதில் ஏறக்குறைய எல்லாமே சாதாரண கர்ப்பத்திலும் வரக்கூடியவை. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். அதனால், வாந்தி வந்தாலே பாராதைராய்டு என்று பயப்படத் தேவையில்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

- முதல் மூன்று மாதம் தாண்டியும் கடுமையான வாந்தி நிற்காமல் இருந்தால்
- சிறுநீரகக் கல் இருந்தால், அல்லது முன்பு வந்திருந்தால்
- கணைய அழற்சி வந்திருந்தால்
- சிறிய அடிக்கே எலும்பு முறிந்திருந்தால்
- காரணம் தெரியாமல் கருச்சிதைவுகள் நடந்திருந்தால்
- முந்தைய குழந்தைக்குப் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ கால்சியம் குறைந்து வலிப்பு வந்திருந்தால்
- குடும்பத்தில் யாருக்காவது பாராதைராய்டு கட்டியோ, அதிக கால்சியமோ இருந்தால்
- கர்ப்பத்துக்கு முன்பே ஏதாவது ஒரு ரிப்போர்ட்டில் கால்சியம் அதிகமாக வந்திருந்தால்

இவற்றில் ஒன்று இருந்தாலும், "டாக்டர், கால்சியமும் அல்புமினும் ஒருமுறை பார்த்துடலாமா?" என்று நீங்களே கேட்கலாம். இவை சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான். பெரும்பாலான லேப்களில் செய்வார்கள்.

தாய்க்கும் குழந்தைக்கும் என்ன ஆபத்து?

கால்சியம் லேசாக ஏறியிருக்கும் பலருக்குப் பெரிய பிரச்னை இல்லாமல் பிரசவம் நடக்கிறது. அளவு கூடக் கூடத்தான் ஆபத்தும் கூடும். தாய்க்கு சிறுநீரகக் கல், கணைய அழற்சி, உயர் ரத்த அழுத்தத்தோடு வரும் ப்ரீ-எக்லாம்சியா போன்றவை வரலாம். கால்சியம் 14 மில்லிகிராமை நெருங்கினால் அது உயிருக்கே ஆபத்தான அவசர நிலை. குழப்பம், நினைவு தடுமாறுதல், இதயத் துடிப்பில் கோளாறு வரை போகலாம்.

குழந்தையைப் பொறுத்தவரை கருச்சிதைவு, வளர்ச்சிக் குறைவு, குறைப்பிரசவம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

பிறந்த பிறகும் ஒரு சிக்கல் வரலாம். தாயிடமிருந்து அளவுக்கு அதிகமாக கால்சியம் வந்துகொண்டே இருந்ததால், குழந்தையின் பாராதைராய்டு சுரப்பிகள் வேலை செய்யாமல் அடங்கிப்போயிருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரவு திடீரென நின்றுவிடும். குழந்தையின் சுரப்பிகள் உடனே விழித்துக்கொள்ளாது. ரத்தத்தில் கால்சியம் சரிந்து, கை கால் நடுக்கம், இழுப்பு, வலிப்பு வரலாம். குழந்தைக்கு வலிப்பு வந்த பிறகுதான், 'அம்மாவுக்கும் ஒரு டெஸ்ட் எடுப்போம்' என்று பார்த்து தாயின் நோயையே கண்டுபிடித்த சம்பவங்கள் மருத்துவ உலகில் பல உண்டு. முன்பே தெரிந்திருந்தால், குழந்தை பிறந்ததிலிருந்தே கால்சியத்தைக் கண்காணித்து இதைத் தவிர்த்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தால் போதுமா?

இங்கேதான் இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது.

முதலாவது, கால்சியம் அளவு. பொதுவாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை நார்மல் என்று லேப் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருப்பார்கள். லேபுக்கு லேப் சற்று மாறும். ஆனால், இது கர்ப்பிணி அல்லாதவர்களுக்கான அளவு. கர்ப்பத்தில் அல்புமின் குறைவதால், அதற்கேற்ப கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். ரிப்போர்ட்டில் கால்சியம் 10.2 என்று இருக்கிறது. லேப் கணக்குப்படி நார்மல். அல்புமின் 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அல்புமினுக்கு அடிப்படை அளவு 4 கிராம். அதிலிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8-ஐ கால்சியத்தோடு கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் 10.2 + 0.8 = 11. இது அதிகம்! இந்தக் கணக்கும் துல்லியமானது அல்ல. சந்தேகம் இருந்தால், அயனைஸ்டு கால்சியத்தையே நேரடியாக அளந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது, பி.டி.எச். அளவு. கால்சியம் அதிகமாக இருக்கும்போது, ஆரோக்கியமான பாராதைராய்டு சுரப்பதைக் குறைத்துவிடும். அப்போது பி.டி.எச். நன்றாக இறங்கியிருக்க வேண்டும். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச். 'நார்மல்' என்று வந்தால், அதுவே சரியில்லை என்பதற்கான அறிகுறி. கால்சியம் அதிகம், பி.டி.எச். நார்மல் அல்லது அதிகம் என்றால் பாராதைராய்டைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

மாறாக, கால்சியம் ஏறி, பி.டி.எச். இறங்கியிருந்தால் காரணம் வேறு. வைட்டமின் டி ஊசியோ மாத்திரையோ அளவு மீறிப் போயிருக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு கால்சியம் கார்பனேட் கலந்த ஆன்டாசிட் மாத்திரைகளை அதிகமாகச் சாப்பிட்டிருக்கலாம். அதனால், கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முடி வளர்ச்சிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சில வகை பி.டி.எச். டெஸ்ட்டில் அது முடிவை மாற்றிக் காட்டும்.

இவற்றோடு வைட்டமின் டி, மெக்னீசியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். குடும்ப வழியாக வரும் ஒரு நிலையிலும் கால்சியம் சற்று ஏறியே இருக்கும். ஆனால், அதற்கு ஆபரேஷன் தேவைப்படாது. அதனால், உறவினர்களுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம். இளம் வயதிலேயே பாராதைராய்டு கட்டி வந்தால், பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று பார்க்க மரபணு பரிசோதனையும் பரிந்துரைப்பார்கள்.

என்ன ஸ்கேன் எடுக்கலாம்?

ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியான பிறகு, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன். கர்ப்பத்தில் முதல் தேர்வு கழுத்துப் பகுதி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு இல்லை, குழந்தைக்குப் பாதிப்பு இல்லை.

சாதாரணமாக இந்த நோய்க்கு எடுக்கப்படும் செஸ்டமிபி ஸ்கேனில் கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் செலுத்துவார்கள். அதையும் சி.டி. ஸ்கேனையும் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். தைராய்டு, பாராதைராய்டு ஸ்கேனுக்குப் போகும் பெண்கள், மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம்.

சிகிச்சை என்ன? கர்ப்பத்தில் ஆபரேஷன் செய்யலாமா?

கால்சியம் லேசாக ஏறியிருந்து, வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால், நிறைய தண்ணீர் குடிக்கச் சொல்லி, அடிக்கடி டெஸ்ட் எடுத்துக் கண்காணிப்பார்கள். வாந்தியால் உடலில் நீர் வற்றினால் கால்சியம் இன்னும் ஏறும் என்பதால், தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

கால்சியம் தொடர்ந்து 11 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலோ, சிறுநீரகக் கல், கணைய அழற்சி போன்ற பாதிப்பு வந்துவிட்டாலோ ஆபரேஷனைப் பரிசீலிப்பார்கள். நோயை முழுமையாகக் குணப்படுத்துவது அந்தக் கட்டியை அகற்றும் ஆபரேஷன் மட்டும்தான்.

"வயித்துல குழந்தை இருக்கும்போது கழுத்துல ஆபரேஷனா?" என்று பயம் வருவது இயல்பு. இதற்கு ஏற்ற காலம் இரண்டாவது மூன்று மாதம், அதாவது 14 முதல் 27 வாரம் வரை. முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் என்பதால் தவிர்ப்பார்கள். கடைசி மூன்று மாதத்தில் குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு கூடும். ஆனாலும், தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் எந்த மாதத்திலும் முடிவெடுக்க வேண்டி வரலாம்.

பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் ஹார்மோன். அதனால், கட்டியை எடுத்த 10 நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டரிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹார்மோன் பாதிக்கு மேல் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சில நாட்கள் கால்சியம் அளவுக்கு மீறிக் குறையவும் வாய்ப்பு உண்டு. அப்போது கால்சியம் கொடுப்பார்கள்.

மாத்திரை, ஊசியிலேயே சமாளிக்க முடியாதா? வழிகள் குறைவு. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் குழந்தையைப் பாதிக்கலாம் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. கால்சிடோனின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. ஆனால், அதன் பலன் சில நாட்களே நிற்கும். சினகால்செட் மருந்தை கர்ப்பிணிகளிடம் பயன்படுத்திய அனுபவம் குறைவு. நிபுணர் முடிவு செய்தால் மட்டுமே கொடுப்பார்கள்.

இதற்கு மகப்பேறு மருத்துவர் மட்டும் போதாது. எண்டோகிரைனாலஜிஸ்ட் எனும் ஹார்மோன் நிபுணர், இந்தச் சுரப்பி ஆபரேஷனில் அனுபவமுள்ள சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், பச்சிளம் குழந்தை மருத்துவர் ஆகியோர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் எண்டோகிரைன் அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

பிரசவம் முடிந்ததும் பிரச்னை முடிந்ததா?

ஆபரேஷன் செய்யாமல் பிரசவம் வரை வந்தவர்கள், பிரசவத்துக்குப் பிறகுதான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதுவரை தாயின் ரத்தத்தில் இருந்த கால்சியத்தில் ஒரு பகுதி குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த வழி அடைபடும். தாயின் கால்சியம் திடீரென ஏறக்கூடும். பிரசவமான பெண் அளவுக்கு மீறி தூங்கி வழிந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ 'பிரசவ அசதி' என்று விட்டுவிடாதீர்கள்.

ஹார்மோன் குறைவாகச் சுரந்தால்?

இதற்கு 'ஹைப்போபாராதைராய்டிசம்' என்று பெயர். தைராய்டு ஆபரேஷன் செய்தபோது பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருப்பதுதான் முக்கியக் காரணம். அதனால், கழுத்தில் ஆபரேஷன் செய்த பெண்கள் கர்ப்பமானதும் அதை முதல் செக்கப்பிலேயே சொல்ல வேண்டும்.

அறிகுறிகள்: உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தசை இறுகி வலிப்பது, கை விரல்கள் இழுத்துக்கொள்வது. கால்சியம் மிகவும் குறைந்தால் வலிப்பே வரலாம். கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் ரத்த அழுத்தத்தால் வரும் எக்லாம்சியாவைத்தான் முதலில் நினைப்பார்கள். அது சரியும்கூட. ஆனால், எக்லாம்சியாவுக்குப் போடும் மெக்னீசியம் சல்பேட் ஊசி, கால்சியத்தை இன்னும் குறைக்கக்கூடியது. தைராய்டு ஆபரேஷன் செய்திருக்கிறார் என்ற ஒரு வரி தகவல் அந்த நேரத்தில் டாக்டருக்குப் பெரிய உதவி.

சிகிச்சையில் கால்சியம் மாத்திரையும், கால்சிட்ரியால் எனப்படும் செயல்படும் வைட்டமின் டி-யும் கொடுப்பார்கள். கர்ப்பமானதும் இவற்றைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. தாய்க்கு கால்சியம் குறைந்தால், குழந்தையின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும். குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும். மருந்து அளவுக்கு மீறினால், குழந்தையின் சுரப்பிகள் அடங்கிவிடும். எனவே, சுமார் 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை கால்சியம் அளந்து, நார்மல் அளவின் கீழ்ப்பகுதியில் இருக்கும்படி டோஸை மாற்றிக்கொண்டே வருவார்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மார்பகத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன், பி.டி.எச். போலவே வேலை செய்யும். அதனால் மருந்தின் தேவை குறையும். பழைய டோஸையே தொடர்ந்தால் கால்சியம் ஏறிவிடலாம். பிரசவமான முதல் வாரத்திலிருந்தே அடிக்கடி டெஸ்ட் எடுக்க வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தும்போது டோஸை மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்போ அரசு கொடுக்கும் கால்சியம் மாத்திரையை நிறுத்திடலாமா?

வேண்டாம்! இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கு 14-வது வாரத்திலிருந்து பிரசவமாகி 6 மாதம் வரை, தினமும் இரண்டு கால்சியம் மாத்திரைகள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி3 இருக்கும். உணவில் கால்சியம் குறைவாக எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கு ப்ரீ-எக்லாம்சியா வராமல் தடுக்க இது உதவுகிறது. பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு இது பாதுகாப்பானது, தேவையானது.

ரத்தத்தில் கால்சியம் அதிகம் என்று டெஸ்ட்டில் உறுதியானவர்கள் மட்டும், டாக்டர் சொன்ன பிறகு நிறுத்த வேண்டும். மற்றவர்கள் தொடருங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

- வலிப்பு, அல்லது கை கால் இழுத்துக்கொண்டு விடாமல் இருப்பது
- மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை பரவும் கடுமையான வலி
- தண்ணீர்கூட தங்காத அளவுக்கு வாந்தி
- குழப்பம், அளவு மீறிய தூக்கம், படபடப்பு
- குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றுவது
- பிறந்த குழந்தைக்கு நடுக்கம், இழுப்பு, பால் குடிக்காமல் இருப்பது

இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி பயப்படத் தேவையில்லை. சிறுநீரகக் கல், தைராய்டு ஆபரேஷன், குடும்பத்தில் பாராதைராய்டு கட்டி, முந்தைய குழந்தைக்கு வலிப்பு என்று ஏதாவது இருந்தால், அதைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாகத் திட்டமிடும் முன்பே கால்சியம் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. கட்டி இருப்பது அப்போதே தெரிந்தால், ஆபரேஷனை முடித்துவிட்டு நிம்மதியாகக் கர்ப்பத்துக்குத் தயாராகலாம்.

(இந்தக் கட்டுரை பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, டோஸை மாற்றுவது எல்லாம் உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படியே இருக்க வேண்டும்.)